மாறும் மும்பைத் தெருக்கள்: நேரில் அமர்ந்து வரைவதன் பயன் என்ன?

மும்பை: தெருவோரம் அமர்ந்து, கண்முன் உள்ள காட்சியை அங்கேயே வரைவது 'அர்பன் ஸ்கெட்சிங்' எனப்படுகிறது. சியாட்டில் நகரப் பத்திரிகையாளர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-ஆம் ஆண்டு இணையத்தில் தொடங்கிய குழுவின் வழியே இது உலகெங்கும் பரவியது. நேரில் கண்டதை உள்ளபடி வரைய வேண்டும், படம் இடத்துக்கும் காலத்துக்கும் சான்றாக அமைய வேண்டும் என்பவை இதன் முக்கிய விதிகள்.

மும்பையின் அன்றாட வாழ்வை ஓவியத்தில் பதிவு செய்வது புதிதன்று. சர் ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்ற எம்.வி. துரந்தர், 1912-இல் வெளியான 'பை-வேஸ் ஆஃப் பம்பாய்' நூலுக்கு ஓவியங்கள் வரைந்துள்ளார்.

இப்போது இதன் தேவை ஏன்?

தென் மும்பையின் விக்டோரிய கோதிக், ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதி 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மறுசீரமைப்பை எதிர்நோக்கும் தாராவிக்கு அத்தகைய தகுதி இல்லை. அங்குள்ள கும்பர்வாடாவில் குயவர்களின் வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. கட்டட வரைபடம் நீள அகலங்களைக் கூறும். பானைகள் எங்கே உலர்கின்றன, சூளையை யார் பகிர்கின்றனர் என்பதைக் கூறாது. ஒரு மணி நேரம் அமர்ந்து வரைபவருக்கு அது புலப்படும்.

தொடங்குவது எப்படி?

சிறிய வரைபுத்தகம், நீரில் கரையாத மை பேனா, நீர்வண்ணப் பெட்டி ஆகியவை போதும். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் போன்ற மரநிழல் பகுதிகள் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. மழைக்கால ஈரப்பதத்தில் வண்ணம் தாமதமாகவே உலரும் என்பதால், முதலில் கோடுகளை முடித்துக்கொள்வது நல்லது. குடியிருப்புகளில் வரையும்போது அங்கு வசிப்போரின் அனுமதி பெறுவது அவசியம்.