மலட்டுக் கோவேறு கழுதைக்கு வந்த வாரிசு

2003 மே 4 அன்று அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண் கோவேறு கழுதைக்குட்டி பிறந்தது. பெயர் ஐடஹோ ஜெம். குதிரைக் குடும்பத்திலேயே குளோனிங் மூலம் பிறந்த முதல் குட்டி அதுதான். முதல் குளோனிங் குதிரையான புரோமெட்டியா இத்தாலியில் பிறந்தது அதே மாதக் கடைசியில்.

குதிரையை முந்திக்கொண்டு கோவேறு கழுதையா? அதற்குத்தானே குளோனிங் அதிகம் தேவைப்படுகிறது!

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. தாயிடமிருந்து 32 குரோமோசோம்கள், தந்தையிடமிருந்து 31, மொத்தம் 63. உடல் வளரவும் சுமை தூக்கவும் இது தாராளமாகப் போதும். ஆனால் விந்தணுவோ கருமுட்டையோ உருவாக வேண்டுமானால் குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். இங்கே எண்ணிக்கையும் பொருந்தாது, அமைப்பும் பொருந்தாது. வேலை பாதியிலேயே நின்றுவிடும். பெண் கோவேறு கழுதை குட்டி ஈன்ற சம்பவங்கள் உண்டு. 2007இல் கொலராடோவில் பிறந்த குட்டியை மரபணுச் சோதனையே உறுதிசெய்தது. ஆனாலும் அவை அபூர்வத்திலும் அபூர்வம்.

ஆகவே எவ்வளவு உயர்ந்த கோவேறு கழுதையானாலும் அதன் வம்சம் அதோடு சரி. டாஸ் என்ற பந்தயக் கோவேறு கழுதைக்கும் அதே நிலைதான். அதன் தாயையும் தந்தையையும் மறுபடி இணைசேர்த்து, உருவான கருவிலிருந்து செல்களை எடுத்தார்கள் ஐடஹோ பல்கலைக்கழக ஆய்வாளர் கார்டன் வுட்ஸ் குழுவினர். அந்தச் செல்களைக் குளோனிங் செய்து பிறந்த குட்டிகள் மரபணுப்படி டாஸின் உடன்பிறப்புகள்.

முதலில் எதுவும் பலிக்கவில்லை. குதிரையின் செல்களுக்குள் கால்சியம் குறைவு என்பதைக் கவனித்து, கருவை வளர்க்கும் திரவத்தில் கால்சியத்தைக் கூட்டிய பிறகே கருக்கள் தங்கத் தொடங்கின. அப்படியும் முந்நூறுக்கும் மேற்பட்ட முயற்சிகளில் பிழைத்துப் பிறந்தவை மூன்றே குட்டிகள். பெரிய சாதனைதான். ஆனால் கருவைச் சுமந்து இழந்த பெண் குதிரைகளின் வேதனையையும் சேர்த்தே இந்தச் சாதனையை எடைபோட வேண்டும்.

ஐடஹோ ஜெம்மையும் அதன் தம்பி ஐடஹோ ஸ்டாரையும் பிரித்து, வெவ்வேறு பயிற்சியாளர்களிடம் வளர்த்தார்கள். 2006 ஜூனில் நெவாடாவின் வின்னமக்கா பந்தயத்தில் இரண்டும் ஓடின. மரபணு ஒன்றுதான். இறுதிச் சுற்றில் ஜெம் மூன்றாவதாக வந்தது, ஸ்டார் ஏழாவதாக.