முள் கடிவாளம் முதல் ஒலிம்பிக் 'பிட்' வரை: குதிரையின் வாயை யார் பார்ப்பது?

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சிலோ மெரினாவிலோ சாயங்கால நேரத்தில் குதிரை சவாரியைப் பார்க்காதவர்கள் குறைவு. குழந்தையை மேலே உட்கார வைத்து, குதிரைக்காரர் கூடவே நடப்பார். அப்பா அம்மா கையில் மொபைல். எல்லோர் கண்ணும் குழந்தை மேல்தான். குதிரையின் வாயை யாரும் பார்ப்பதில்லை.

அந்த வாய்க்குள் என்ன இரும்பு இருக்கிறது என்பதுதான் இப்போது சர்வதேச குதிரையேற்ற உலகத்தையே இரண்டாகப் பிரித்திருக்கும் கேள்வி. குதிரையின் உடம்பில் ரத்தம் தெரிந்தால் என்ன செய்வது என்ற விதியை மாற்றலாமா என்று 2025 நவம்பரில் ஹாங்காங்கில் ஓட்டெடுப்பே நடந்தது. கோடிக்கணக்கில் பணம் புரளும் போட்டி மைதானத்துக்கும் நம்ம பீச்சுக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

பிட் என்றால் என்ன?

கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் உலோகத் துண்டுக்குத்தான் 'பிட்' என்று பெயர். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு. பிட் உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் எலும்புக்கு மேல் மெல்லிய ஈறு மட்டும்தான். சைக்கிள் பெடல் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் இடித்தால் எப்படி வலிக்கும்? கிட்டத்தட்ட அந்த மாதிரியான இடம் அது. அதோடு நாக்கும் அந்த உலோகத்தின் அடியில் இருக்கிறது.

மேலே இருப்பவர் லகானை இழுத்தால் அந்த அழுத்தம் நேராக இங்கேதான் போய்ச் சேரும். குதிரை நிற்பதும் திரும்புவதும் இதனால்தான்.

எது 'கடுமையான' பிட்?

எளிமையானது 'ஸ்னாஃபிள்'. எவ்வளவு இழுக்கிறோமோ, அவ்வளவுதான் அழுத்தம். அடுத்த வகை நெம்புகோல் முறையில் வேலை செய்பவை: 'கர்ப்', 'பெல்ஹாம்', 'கேக்' போன்றவை. கடப்பாரையின் ஒரு முனையில் லேசாக அழுத்தினால் மறுமுனையில் பாறை நகருகிறது அல்லவா, அதே கணக்கு. கையில் சின்ன இழுப்பு, வாயிலோ தலை உச்சியிலோ பல மடங்கு அழுத்தம். சிலவற்றில் தாடைக்குக் கீழே ஒரு சங்கிலியும் சேர்ந்து இறுக்கும். முறுக்கிய கம்பியால் செய்த பிட், ரொம்ப மெல்லிய பிட் இதெல்லாமும் கடுமையான ரகம்தான்.

பிட்டோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொன்று மூக்குப் பட்டை. அதை இறுக்கிக் கட்டிவிட்டால், வலித்தாலும் குதிரையால் வாயைத் திறக்க முடியாது. அதாவது, வலி வெளியில் தெரியாது.

ஷோ ஜம்பிங்கில் ஏன் இவ்வளவு சண்டை?

ஷோ ஜம்பிங்கில் வரிசையாக வைத்திருக்கும் தடைகளைக் குறித்த நேரத்துக்குள் தாண்ட வேண்டும். ஒரு கட்டை விழுந்தால் 4 தவறுப் புள்ளிகள். ஒலிம்பிக் மட்டத்தில் தடைகளின் உயரம் 1.60 மீட்டரைத் தொடும். 500 கிலோவுக்கும் மேல் எடையுள்ள குதிரை வேகமாக வந்து, சட்டென்று திரும்பி, சரியான அடியில் எகிற வேண்டும்.

இங்கேதான் வீரர்கள் தரப்பு ஒரு நியாயத்தைச் சொல்கிறது. கட்டுக்குள் நிற்காத குதிரை தடையில் மோதினால் அடிபடுவது குதிரையும் வீரரும்தான். அடக்கமான கையில் இருக்கும் கடுமையான பிட்டை விட, முரட்டுக் கையில் இருக்கும் சாதாரண பிட் ஆபத்தானது என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஒரு பிட் எவ்வளவு வலிக்கும் என்பதை லகானைப் பிடித்திருக்கும் கையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

எதிர்த்தரப்பு கேட்பது வேறு. வலிக்குப் பயந்து ஓடும் குதிரையைத்தான் 'ரொம்ப ஸ்ட்ராங்' என்று சொல்லி இன்னும் கடுமையான பிட் போடுகிறீர்களா? பிட் மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. பயிற்சி கொடுத்து மாற்றுவதற்கு மாதக்கணக்காகும். போட்டி அடுத்த வாரம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

இதற்கு வலு சேர்ப்பவை ஃபின்லாந்தில் நடந்த ஆய்வுகள். போட்டி முடிந்ததும் 208 ஈவென்டிங் குதிரைகளின் வாயைத் திறந்து பார்த்ததில் 52 சதவீதத்துக்கு பிட் உட்காரும் பகுதியில் புதிய காயங்கள் இருந்தன. வண்டி இழுத்து ஓடும் ட்ராட்டிங் பந்தயத்தில் 261 குதிரைகளைச் சோதித்தபோது அது 84 சதவீதம். இவை ஷோ ஜம்பிங் குதிரைகள் அல்ல. ஆனால் ஒரு விஷயம் புரிகிறது: வாயைத் திறந்து பார்த்தால்தான் காயம் தெரியும். குதிரை நாயைப் போல் வலியில் கத்துகிற பிராணி இல்லை.

விதிகள் என்ன சொல்கின்றன?

சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ., டிரெஸாஜ் பிரிவில் எந்தெந்த பிட் போடலாம் என்று பட்டியலே வைத்திருக்கிறது. ஷோ ஜம்பிங்கில் சுதந்திரம் அதிகம். கடுமையான பிட்டும் வரலாம், வாய்க்குள் எதுவுமே போடாத 'ஹாக்கமோர்' கடிவாளமும் வரலாம்.

2025 மே மாதம் முதல் மூக்குப் பட்டையின் இறுக்கத்தை அளக்க ஒரு கருவி வந்திருக்கிறது. பட்டைக்கும் மூக்கு எலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி வேண்டும். அது இருக்கிறதா என்று இனி கருவியே சொல்லிவிடும்.

ரத்த விதிதான் சர்ச்சை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேசில் வீரர் பெட்ரோ வெனிஸ், குதிரையின் விலாவில் ரத்தம் தெரிந்ததால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். ஹாங்காங் ஓட்டெடுப்புக்குப் பிறகு, 2026 ஜனவரி முதல் ஷோ ஜம்பிங்கில் ரத்தம் தெரிந்தால் உடனடி நீக்கம் என்பது தளர்ந்து, பதிவு செய்யப்படும் எச்சரிக்கை முறை வந்திருக்கிறது. சின்னக் கீறலுக்கெல்லாம் ஒருவரின் உழைப்பு வீணாகக் கூடாது என்பது ஆதரித்தவர்கள் வாதம். குதிரை நலனில் ஒரு படி இறங்கிவிட்டோம் என்பது எதிர்த்தவர்கள் வாதம்.

இந்தியாவில் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. அதன் வேர் சென்னையில்தான். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1950-களில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பிராணிவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி தந்ததும் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவுதான் 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே தலைவர். அந்த வாரியத்தின் தலைமையகம் 2018-ல் ஹரியானாவுக்குப் போகும் வரை சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 1965-ம் ஆண்டு விதிகளில் 8-வது விதி, முள், குமிழ், கூர்மையான நீட்சி உள்ள பிட்களைத் தடை செய்கிறது. வண்டி இழுக்கும் குதிரைக்கு மட்டுமல்ல, சவாரிக் குதிரைக்கும் இது பொருந்தும். ஆனாலும் நாட்டின் பல நகரங்களில் ஜட்கா வண்டி, கல்யாண ஊர்வலக் குதிரைகளின் வாயிலிருந்து முள் கடிவாளங்கள் பறிமுதல் செய்யப்பட்டிருக்கின்றன.

காரணங்களில் ஒன்று தண்டனை. பிராணிவதைச் சட்டப்படி முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-ல் அது பணம். இன்றைக்கு பீச்சில் ஒரு பிளேட் மிளகாய் பஜ்ஜிக்கே அது போதுமா என்பது சந்தேகம். அபராதத்தை உயர்த்தும் வரைவு மசோதா 2022 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது.

இந்திய வீரர்களுக்கு இதில் என்ன?

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸாஜ் அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம். இந்த விளையாட்டுக்குப் பெற்றோர்களின் ஆர்வமும் கூடுகிறது. ஆனால், டோக்கியோ ஒலிம்பிக் நவீன பென்டத்லானில் பயந்துபோன ஒரு குதிரை அடிபட்ட காட்சியை உலகமே பார்த்தது. அதன் பிறகு, பாரிஸோடு அந்தப் போட்டியில் குதிரையேற்றமே முடிந்துபோனது. மக்களின் நம்பிக்கை போனால் விளையாட்டும் போகும்.

நாம் என்ன பார்க்கலாம்?

பீச் சவாரியாக இருந்தாலும் பிள்ளையைச் சேர்க்கப்போகும் ரைடிங் ஸ்கூலாக இருந்தாலும் ஒரு நிமிஷம் போதும்.

• வாய் ஓரத்தில் புண், வெடிப்பு, எச்சிலில் சிவப்பு தெரிகிறதா?
• லகானை இழுக்கும்போதெல்லாம் வாயைப் பிளக்கிறதா, தலையை உதறுகிறதா, நாக்கு வெளியே தொங்குகிறதா?
• மூக்குப் பட்டைக்குள் இரண்டு விரல் போகுமா?
• 'என்ன பிட் போட்டிருக்கீங்க, காட்டுவீங்களா?' என்று கேட்டால் தயங்காமல் காட்டுகிறார்களா?

முள் கடிவாளம் கண்ணில் பட்டால் போட்டோ எடுத்துப் போலீஸிலோ, கிண்டி ப்ளூ கிராஸ் போன்ற பிராணி நல அமைப்பிடமோ சொல்லலாம். குதிரைக்காரர்கள் எல்லோரும் கொடுமைக்காரர்கள் இல்லை. பலருக்கு அந்தக் குதிரைதான் சோறு. மாற்று பிட் இருப்பது தெரியாமலேயே பழையதைப் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

முள்ளைத் தடை செய்யச் சட்டத்தால் முடிந்தது. லகானைப் பிடிக்கும் கையை எந்த விதியாலும் முழுசாகத் தடை செய்ய முடியாது. அதனால்தான் ஒலிம்பிக்கானாலும் எலியட்ஸ் பீச்சானாலும், யாராவது ஒருவர் குதிரையின் வாயைப் பார்த்தாக வேண்டும்.