அசோலா என்னும் நீர்ப்பன்னமும் அதனை வளர்க்கும் முறையும்

பன்னம் என்றதும் மழைக்காடுகளே நினைவுக்கு வரும். சிங்கராசா போன்ற ஈரக்காடுகளில் மரத்தண்டுகளிலும் பாறைகளிலும் ஒட்டி வளரும் மென்படலப் பன்னங்களின் இலை, நரம்பு நீங்கலாக, பெரும்பாலும் ஒரேயொரு கலத் தடிப்புடையது. ஓயாத ஈரமும் நிழலும் இன்றேல் அது சுருண்டுவிடும். படுவான்கரை வெய்யிலில் அதனை வளர்க்க முயல்வது வீண்வேலை. ஆயினும் பன்ன இனத்தைச் சேர்ந்த வேறொரு சிறுபூண்டு பழுகாமத்து வயல் நீரில் வளரவல்லது, வயலுக்குப் பசளையுமாகும். அதுவே அசோலா.

ஒரு செடி பெருவிரல் நகத்தளவினதே. செதில் போன்ற அதன் இலைகளினுள்ளே நுண்ணிய குழிகள் உள. அவற்றிற் குடியிருக்கும் அனபீனா என்னும் நீலப்பச்சை அல்கா, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பன்னத்திற்குக் கொடுக்கின்றது. மிதக்கும் அசோலா அதனிற் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சேற்றில் அமிழ்ந்து அழுகிய பின்னரே அது நெல்லுக்குச் சேரும். கமக்காரர் பலர் தவறவிடுவது இதனையே.

வயல்நீரை முற்றாக மூடிய அசோலா ஏக்கருக்கு ஏறக்குறைய 4 தொன் நிறையுடையது. அதிலுள்ள நைதரசன் 8 முதல் 12 கிலோ. 50 கிலோ யூரியா மூடையொன்றில் 23 கிலோ உண்டு. ஆகவே ஒரு மூடலினாற் கிடைப்பது அரை மூடை அல்லது அதற்குங் குறைவே. யூரியாவை அடியோடு விட்டுவிடலாம் என எவரேனும் கூறின் நம்பவேண்டாம். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, மாற்றுப் பசளை ஆயத்தமின்றி விளைச்சல் வீழ்ந்ததை யாவரும் அறிவர். அரை மூடை மிச்சமாவதும் சிறு காரியமன்று.

விதைப்பன்னம் வாங்குகையில் மிக்க விழிப்பு வேண்டும். சல்வீனியாவும் நீரில் மிதக்கும் பன்னமே. பிரேசிலுக்குரிய அது 1939 இல் ஆய்வுக்கெனக் கொழும்புக்குக் கொணரப்பட்டுத் தப்பிப் பரவி, 1950 களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல்களை மூடிற்று. 1986 இல் அதனைத் தின்னும் கூன்வண்டு அவுஸ்திரேலியாவிலிருந்து வருவிக்கப்பட்டது. சல்வீனியாவின் இலைகள் பெரியவை, இரண்டிரண்டாய் அமைந்தவை. மேற்புறத்து மயிர்களில் நீர் ஒட்டாது. ஒடிந்த துண்டொன்றே வட்டை முழுவதற்கும் போதும். கண்டால் கரையேற்றிக் காயவிடுக.

தாய்ப்பாத்திக்கு மாமர நிழலோ கிடுகுப் பந்தலோ வேண்டும். கடும் வெய்யிலில் அசோலா வாடும். 2 மீற்றர் நீள அகலமும் ஒரு சாண் ஆழமுமுள்ள குழியிற் பொலித்தீன் விரித்து, அரித்த மண் 10 முதல் 15 கிலோ பரப்புக. மாட்டுச்சாணம் 2 கிலோவையும் ரி.எஸ்.பி. 10 கிராமையும் நீரிற் கரைத்து ஊற்றி, நான்கு விரற்கடை நீர் நிற்கச் செய்து, அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை அசோலா இடுக. வாவியோரக் கிணற்று உவர்நீர் ஆகாது. இரண்டு வாரத்திற் குழி நிரம்பும். அதன்பின் நாள்தோறும் அரைக் கிலோ அளவில் எடுக்கலாம். ஐந்து நாட்களுக்கொருமுறை ஒரு கிலோ சாணமும் சிறிது ரி.எஸ்.பி.யும் சேர்த்து வருக. நிழலிருந்தும் செடி சிவந்து சிறுத்தால் பெரும்பாலும் பொசுபரசுக் குறைவே காரணம். புழு தின்ற பகுதியை அள்ளிக் கோழிக்கு இடலாம்.

குழியிலுள்ளதை நேரே வயலெங்கும் தூவுதல் பயனற்றது. வயல் மூலையிற் சிறு வரம்பு கட்டி, சதுர மீற்றருக்குக் கால் கிலோ வீதம் இட்டு, அது மூடிய பின்னர் வரம்பை வெட்டி விடுக. நாற்று நடுவோர் நட்டு ஒரு வாரத்தின் பின் இதனைச் செய்யலாம். விதைத்து விளைவிக்கும் வயலிலோ, முளையின்மேல் அசோலா படிந்தால் முளை அழுகும். ஆதலின் முதலுழவுக்கும் விதைப்புக்குமிடையே நீர் நிற்கும் இரண்டு மூன்று வாரங்களில் வளர்த்து, மறுஉழவிற் சேற்றோடு புரட்டிவிடுவதே தக்கது. அக்காலத்தில் வக்கடையைக் காக்கவேண்டும். மாரிமழையில் வக்கடை உடைந்தால் வளர்த்தது யாவும் அயலவர் வயலுக்கே போய்ச் சேரும்.

கத்தரி, மிளகாய் பயிரிடுவோர் அசோலாவைச் சாணத்தோடு குவித்து மக்கச்செய்து பாத்திக்கு இடலாம். முதற்போகத்திற் கால் ஏக்கருக்கு மேல் முயலவேண்டாம்.