நீரிழிவு கண்ட பிள்ளையின் தன்மதிப்பு

நீரிழிவு முதியோருக்கே வரும் நோய் என நம்மில் பலர் எண்ணுகின்றனர். ‘இனிப்பு நீர்’ என்று நாம் வழங்கும் இந்நோய் சிறு பிள்ளைகளுக்கும் வருவதுண்டு. அவர்களுள் பலருக்கு வருவது முதல் வகை நீரிழிவு. இதில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகின்றது. இன்சுலின் இல்லையேல் உணவிலுள்ள சர்க்கரை உடலுக்குப் பயன்படாமல் இரத்தத்திலேயே தங்கிவிடும். ஆகவே அப்பிள்ளைக்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி இன்றியமையாதது.

இந்நோய் மிட்டாய் தின்றதால் வந்ததன்று, பெற்றோரின் பாவத்தால் வந்ததுமன்று, ஒட்டுவதுமன்று. 1921ஆம் ஆண்டில் கனடாவின் டொரோண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைக் கண்டறிந்தனர். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்குமுன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்றோ ஏனையோரைப் போல் கற்று, உழைத்து, குடும்பம் நடத்த இயலும்.

எனினும், ‘நோயாளிப் பிள்ளை’ என்னும் சொல்லை ஓயாது கேட்கும் பிள்ளை தன்னைத் தாழ்வாகவே எண்ணத் தொடங்கும். நண்பர்முன் நாணி ஊசியைத் தவிர்க்கும். ஏச்சுக்கு அஞ்சிச் சர்க்கரை அளவைப் பொய்யாக எழுதி வைக்கும். ஊசி தவறினால் இரத்தத்தில் அமிலம் மிகுந்து, வாந்தியும் மூச்சுவாங்கலும் மயக்கமும் உண்டாகி, உயிருக்கே கேடு நேரலாம். எனவே தன்மதிப்பைக் காப்பது மருத்துவத்தின் ஒரு பகுதியேயாகும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

1. சர்க்கரை அளவு தேர்வு மதிப்பெண் அன்று. அளவு கூடியிருப்பின், “என்ன தின்றாய்?” என்று அதட்டாதீர்கள். காய்ச்சலும் கவலையும்கூட அதனை உயர்த்தும். உண்மையைச் சொன்ன பிள்ளையைப் பாராட்டுங்கள்.

2. தனிச் சமையல் வேண்டா. காய்கறி மிகுந்த, இனிப்புக் குறைந்த உணவைக் குடும்பம் முழுவதும் உண்ணலாம். தீபாவளிப் பலகாரத்தை எவ்வளவு, எவ்வாறு உண்ணலாம் என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

3. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் பெற்றோர், ஊசி போடும் முறையைப் பாட்டிக்கோ வீட்டிலுள்ள வேறு பெரியவருக்கோ மருத்துவமனையில் கற்பிக்கச் செய்யுங்கள். விரலில் குத்திச் சோதிக்கும் பொறுப்பைப் பிள்ளைக்குச் சிறிது சிறிதாக அளியுங்கள். மேற்பார்வையை மட்டும் கைவிடாதீர்கள்.

4. விளையாட்டைத் தடுக்காதீர்கள். ஆசிரியரிடம் நோயை மறைக்காதீர்கள். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி ஆகியவை சர்க்கரை குறைந்ததன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். சிறு குழந்தைக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதனையும் ஊட்டாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் இளையவருக்கு 1999இல் இந்நோய் இருப்பது தெரியவந்தது. மறு ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலும், 2004இல் ஏதென்சிலும் 50 மீட்டர் நீச்சலில் அவர் தங்கம் வென்றார். ஊசியை அவர் இழுக்காகக் கருதவில்லை. வாழ்வின் கடமையாகவே ஏற்றார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை முதலில் பிள்ளை, நோய் பிறகே. அவ்வுணர்வோடு நீங்கள் பேசினால், பிள்ளையும் தலைநிமிர்ந்து ஊசியைக் கையில் எடுக்கும்.