முயல் வயிற்றில் ஒரு மாவுப் பானை!

முயல் என்றதும் கேரட்தானே ஞாபகம் வருகிறது? எல்லாம் கார்ட்டூன் செய்த வேலை! முயலுக்கு முக்கிய உணவு புல்லும், தழையும்தான். நம் ஊரில் ஒரு தீவனப் பயிருக்கே, 'முயல்மசால்' என்று பெயர்.

ஆனால், கும்மிடிப்பூண்டி போல தொழிற்சாலைகள் நெருங்கிய இடத்தில், தினமும் புல்லுக்கு எங்கே போவது? இறைச்சிக்காக முயல் வளர்ப்போர், மக்காச்சோளம், கம்பு, தவிடு, பிண்ணாக்கு கலந்த தீவனத்தையும் நம்ப வேண்டியிருக்கிறது. சிக்கல் வருவது குட்டிகளுக்கு!

பிறக்கும்போது முயல் குட்டிக்கு ரோமம் கிடையாது. கண் திறக்கவே, 10 நாள் ஆகும். நான்கைந்து வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து விடுவர். அந்த வயதில், தானியத்தின் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி, அதன் உடலில் போதிய அளவு சுரப்பதில்லை.

நொதி என்றால் என்ன? ஒரு வாய் சோற்றை விழுங்காமல், மென்று கொண்டே இருங்கள். லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள, 'அமைலேஸ்' என்ற நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது.

முயலின் சிறுகுடல் முடியும் இடத்தில், 'சீக்கம்' என்ற பெரிய பை இருக்கிறது. நம் வீட்டு இட்லி மாவுப் பானை மாதிரி. கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள், அங்கே நார்ச்சத்தை நொதிக்க வைக்கின்றன. செரிக்காத மாவு அதில் போய்க் குவிந்தால், கெட்ட கிருமிகள் பெருகி விடும். கழிச்சல் கண்டு, ஓரிரு நாளில் குட்டி செத்தும் போகலாம்.

'நொதியைத் தீவனத்திலேயே கலந்தால் என்ன?' என்று விஞ்ஞானிகள் யோசித்தனர். கோழிக்கு இது நன்றாகவே பலித்தது. கோதுமையும், பார்லியும் கோழியின் குடலில் பிசுபிசுவென்று ஒட்டும். 'சைலனேஸ், பீட்டா குளுக்கனேஸ்' நொதிகள் அந்தப் பிசினை உடைக்கும். தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரசுக்கு, 'பைட்டேஸ்' என்ற நொதிதான் சாவி. 1990களில் அது விற்பனைக்கு வந்தது.

முயலிடம் மட்டும், பலன் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. சில சோதனைகளில் குட்டிகளின் சாவு குறைந்தது. பலவற்றில் மாற்றமே இல்லை. ஏன் தெரியுமா? சீக்கத்தின் நுண்ணுயிரிகளே, இந்த நொதிகளில் பலவற்றைத் தயாரிக்கின்றன. அங்கே உருவாகும் மென்மையான புழுக்கையை, முயல் வாய் வைத்து அப்படியே விழுங்கி விடும். சீ... என்று முகம் சுளிக்காதீர்கள்! பி வைட்டமினும், புரதமும் அதில்தான் உள்ளன.

இன்னொரு தொல்லை... குச்சித் தீவனம் செய்யும்போது எழும் சூட்டில், நொதி செயலிழந்து விடலாம். அதனால், குச்சி ஆறிய பிறகு மேலே தெளிப்பதும் உண்டு.

கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரில், மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் உள்ளது. 'வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா' என்ற இறைச்சி முயல்களை அங்கே வளர்க்கின்றனர். அந்தக் குளிர் முயலுக்குச் சுகம்! திருவள்ளூர் வெயிலோ பெரும் பாடு. முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. காது மடல் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும்.

உங்கள் வீட்டில் முயல் குட்டி இருக்கிறதா? பிஸ்கட்டும், சோறும் நீட்டாதீர்கள். புதுத் தீவனம் என்றால், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்றுங்கள். ஒத்துக்கொள்ளாததைத் தின்று விட்டால், முயலால் வாந்தி கூட எடுக்க முடியாது!