ஓட்டக்காரருக்கு ஏற்ற ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் எது?

நெடுந்தூர ஓட்டம் பழகும் மாணவருக்கு நாள்தோறும் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். எவ்வளவு நேரம் ஓடினோம்? எவ்வளவு தூரம் ஓடினோம்? முதல் கேள்விக்கு எந்தக் கடிகாரமும் விடை சொல்லும். இரண்டாவது கேள்வி எளிதன்று. ஓட்டப் பாதை உள்ள ஊரில் சுற்றுகளை எண்ணிக் கொள்ளலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில் உள்ள எம்.ரெட்டியபட்டி போன்ற ஊரில், கண்மாய்க் கரையிலும் வண்டிப் பாதையிலும் ஓடுகிறவர் எதை எண்ணுவது?

இதற்கு விடையாக வந்ததுதான் ஜி.பி.எஸ். கைக்கடிகாரம். கார்மின் நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் ஓட்டக்காரர்களுக்கென்றே இத்தகைய கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. விலை பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே தொடங்கி ஐம்பதாயிரத்துக்கு மேலும் போகிறது. மானாவாரி விவசாயக் குடும்பத்துக்கு இது சிறு தொகை அன்று. ஆகவே, கூடுதல் விலைக்குக் கூடுதல் பயன் உண்டா என்பதைப் பௌதிகத்தின் துணையோடு ஆராய்வோம்.

தூரத்தை அளப்பது நேரமே

கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுகிறார்கள். தொலைவில் நிற்கும் நமக்கு முதலில் வெளிச்சம் தெரிகிறது. ஓசை பின்னால் வருகிறது. இடையே 3 விநாடி கழிந்தால், ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், வேட்டு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வெடித்தது என்று கணக்கிடலாம். நாடா இல்லாமலேயே தூரத்தை அளந்து விட்டோம்.

ஜி.பி.எஸ். செய்வதும் இதுவே. ஒலிக்குப் பதிலாக ரேடியோ அலை. வேட்டுக்குப் பதிலாகச் செயற்கைக் கோள். அமெரிக்கா 1978-இல் இத்திட்டத்தின் முதல் செயற்கைக் கோளை ஏவியது. 1995-இல் 24 கோள்களோடு திட்டம் முழுமை பெற்றது. அவை தரையிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் அலை புறப்படும் நேரத்தையும் இடைவிடாமல் அறிவித்துக் கொண்டே இருக்கிறது. அந்த அலை விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் வந்து, தலைக்கு நேர் மேலே உள்ள கோளிலிருந்து சுமார் 0.067 விநாடியில் நம் மணிக்கட்டை அடைகிறது.

ஒரு கோளிலிருந்து நமக்குள்ள தூரம் தெரிந்தால், அக்கோளை மையமாகக் கொண்ட ஒரு பெரிய கோளத்தின் பரப்பில் எங்கோ நாம் இருக்கிறோம் என்று பொருள். இரண்டாவது கோளத்தோடு அது வெட்டும்போது ஒரு வட்டம் கிடைக்கும். மூன்றாவது கோளம் அவ்வட்டத்தை இரண்டு புள்ளிகளில் வெட்டும். அவற்றில் ஒன்று பூமியை விட்டு வெகு தொலைவில் இருப்பதால் அதைத் தள்ளிவிடலாம்.

அப்படியானால் மூன்று கோள்கள் போதுமே என்று கேட்பீர்கள். போதா. நம் கையில் இருப்பது சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம். அது ஒரு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். எனவே நமது கடிகாரத்தின் பிழையையும் தெரியாத ஓர் எண்ணாகக் கொண்டு, நான்கு தெரியாத எண்களுக்கு நான்கு சமன்பாடுகள் அமைக்க வேண்டும். அதற்கு நான்காவது கோள் தேவை.

கடிகாரமே உயிர்

கோள்களில் இருப்பவை அணுக் கடிகாரங்கள். அவற்றிலும் ஒரு விந்தை உண்டு. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையின்படி, வேகமாகச் செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் உள்ள கடிகாரம் விரைந்து ஓடும். ஜி.பி.எஸ். கோளில் முதல் விளைவு நாளொன்றுக்கு 7 மைக்ரோ விநாடி குறைக்கிறது. இரண்டாவது 45 மைக்ரோ விநாடி கூட்டுகிறது. மிச்சம் 38 மைக்ரோ விநாடி. இதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தூரப் பிழை சேர்ந்துவிடும்.

ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தூ ஆகியவையும் இதே முறையில் உலகம் முழுவதற்கும் வழி காட்டுகின்றன. இந்தியாவின் 'நாவிக்' நம் நாட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் நோக்கி அமைந்தது. இதற்கென 2013 முதல் 2016 வரை ஏழு கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிறுத்தப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வாங்கிய அணுக் கடிகாரங்கள் பழுதானதால் சில கோள்கள் இடங்காட்டும் பணியைச் செய்ய முடியாமற் போயின. 2023 மே 29-இல் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 கோளில் இந்தியாவிலேயே செய்த ருபீடியம் அணுக் கடிகாரம் இடம் பெற்றது. சிறு கருவிகளுக்கு ஏற்ற எல்-1 என்னும் அதிர்வெண்ணும் அதில் சேர்க்கப்பட்டது.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன?

நம் மணிக்கட்டை அடையும் அலையின் வலிமை மிக மிகக் குறைவு. ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அளவே இருக்கும். இவ்வளவு மெல்லிய அலைக்கு வழியில் இரண்டு இடையூறுகள் நேர்கின்றன.

முதலாவது அயனி மண்டலம். சூரிய ஒளியால் வாயு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து கிடக்கும் இந்த உயர் மண்டலம் அலையைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. தென் தமிழ்நாட்டுக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. புவிக் காந்த நடுக்கோடு நம் பகுதியை ஒட்டிச் செல்வதால் இங்கு அயனி மண்டலத்தின் போக்கே வேறு. இதை ஆராயத்தான் 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்தது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் திருநெல்வேலியில் இருப்பதும் இதற்காகவே. இப்பகுதிகளில் சில நாட்களில், பொழுது சாய்ந்த பிறகு நள்ளிரவு வரை, அயனி மண்டலத்தில் கொந்தளிப்பு ஏற்படும். விண்மீன் மினுக்குவது போல அப்போது ரேடியோ அலையும் மினுக்கும்.

இரண்டாவது எதிரொலிப்பு. கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை, நேரே வரும் அலையைவிடக் கூடுதல் தூரம் கடந்து வருகிறது. கடிகாரம் இரண்டையும் குழப்பிக் கொண்டால், சாலையில் ஓடியவர் வீட்டுக் கூரைமேல் ஓடியதாகப் படம் வரையும்.

விலை உயர்ந்த கடிகாரங்களில் 'இரட்டை அதிர்வெண்' என்ற வசதி இருக்கிறது. எல்-1 (1575.42 மெகா ஹெர்ட்ஸ்), எல்-5 (1176.45 மெகா ஹெர்ட்ஸ்) ஆகிய இரண்டையும் இவை வாங்குகின்றன. எல்-1 அலையில் வழக்கமாகப் பயன்படும் குறியீட்டின் ஒரு துணுக்கு சுமார் 300 மீட்டர் நீளமுள்ளது. எல்-5 குறியீட்டில் அது 30 மீட்டர்தான். அங்குலம் மட்டும் குறித்த அளவுகோலைவிட மில்லிமீட்டர் குறித்த அளவுகோல் நுட்பமாக அளப்பதுபோல, எல்-5 நேர் அலையையும் எதிரொலித்த அலையையும் நன்கு பிரித்துக் காட்டும்.

நிலையான பிழையும் மாறும் பிழையும்

இனித்தான் முக்கியமான கேள்வி. எம்.ரெட்டியபட்டியில் ஓடுகிறவருக்கு இந்த வசதி தேவையா?

ஓட்டக்காரருக்கு வேண்டியது இடம் அன்று, தூரம். தூரம் என்பது இரண்டு இடங்களுக்கு உள்ள வேறுபாடு. பகலில் அயனி மண்டலத்தால் வரும் பிழை மெதுவாகவே மாறுகிறது. அது நம் பாதை முழுவதையும் வடக்கே 3 மீட்டர் தள்ளிக் காட்டினால், புறப்பட்ட புள்ளியும் 3 மீட்டர் தள்ளும். முடிந்த புள்ளியும் 3 மீட்டர் தள்ளும். கழித்துப் பார்த்தால் தூரம் மாறாது. அளவுகோலின் சுழியிலிருந்து தொடங்காமல் 3-லிருந்து தொடங்கி அளப்பது போன்றதே இது.

எதிரொலிப்புப் பிழை அப்படிப்பட்டதன்று. சுவருக்குச் சுவர், அடிக்கு அடி மாறுவதால் கழித்தாலும் அது மறையாது. சென்னை அண்ணா சாலையிலும் மதுரை மாசி வீதிகளிலும் ஓடுகிறவருக்கு இரட்டை அதிர்வெண் உண்மையான உதவி செய்யும். கரிசல் காட்டிலோ உயர்ந்த கட்டடம் இல்லை. வானம் அடிவானம் வரை திறந்து கிடக்கிறது. சீமைக்கருவேல மரமும் பனையும் பெரிய தடை ஆகா. இங்கு ஓடுகிறவருக்கு எளிய கடிகாரமே ஏறக்குறைய அதே விடையைத் தரும். அயனி மண்டலம் கொந்தளிக்கும் முன்னிரவைத் தவிர்த்து விடியற்காலையில் ஓடினால் போதும். இந்த வெயில் நாட்டில் அதுதானே ஓட்டத்துக்கு ஏற்ற வேளையும்!

கோணலும் குறுக்கு வழியும்

நல்ல கடிகாரத்திலும் இரண்டு கணக்குப் பிழைகள் புகும்.

ஒருவர் விநாடிக்கு 4 மீட்டர் நேராக ஓடுகிறார். அடுத்தடுத்த இரு புள்ளிகளில் ஒன்று பக்கவாட்டில் 1 மீட்டர் விலகிக் குறிக்கப்பட்டால், பிதாகரஸ் தேற்றப்படி தூரம் √17, அதாவது 4.12 மீட்டர் ஆகிறது. நூற்றுக்கு 3 பங்கு கூடிவிட்டது! கடிகாரத்தில் உள்ள கணிப்பொறி இந்தக் கோணலைச் சமன் செய்கிறது. ஆயினும் சிறிது மிஞ்சும்.

மற்றது இதற்கு நேர்மாறு. மின்கலத்தைச் சேமிக்கச் சில கடிகாரங்கள் விநாடிக்கொரு முறை குறிக்காமல் இடைவெளி விட்டுக் குறிக்கும். 400 மீட்டர் ஓட்டப் பாதையின் வளைவுக்கு ஆரம் சுமார் 36.5 மீட்டர். அங்கே 10 விநாடிக்கு ஒரு முறை குறித்தால், 40 மீட்டர் வில்லுக்குப் பதிலாக 38 மீட்டர் நாணை அளப்போம். ஒரு சுற்றில் வளைவுகள் மட்டும் சுமார் 230 மீட்டர். ஆகவே சுமார் 11 மீட்டர் காணாமற் போகும்.

இதனால் என்ன கெடும்? கடிகாரம் நூற்றுக்கு 2 கூட்டிக் காட்டுகிறது என்று வைப்போம். 5000 மீட்டரை 20 நிமிடத்தில் முடித்ததாக நம்பும் மாணவி உண்மையில் ஓடியது சுமார் 4900 மீட்டர். மீதி 100 மீட்டருக்கு இன்னும் 24 விநாடி வேண்டும். மாவட்டப் போட்டியில் இடம் மாறிப்போக இந்த இடைவெளி போதும். தொடக்கத்திலேயே தவறான வேகத்தில் ஓடிக் கடைசிச் சுற்றில் தளர்ந்து போவதற்கும் இது காரணமாகும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. ஜி.பி.எஸ். கடிகாரத்துக்குள்ளேயே இருக்கிறதா? மலிவான பல கடிகாரங்கள் கைப்பேசியின் ஜி.பி.எஸ்.ஸை இரவல் வாங்குகின்றன. கைப்பேசி இல்லாதபோது காலடிகளை எண்ணித் தூரத்தை ஊகிக்கின்றன. விளம்பரத்தில் ஜி.பி.எஸ். என்ற சொல் இருந்தால் மட்டும் போதாது.

2. ஜி.பி.எஸ்.ஸோடு குளோனாஸ், கலிலியோ போன்றவற்றையும் வாங்குகிறதா? கோள்கள் கூடினால் சமன்பாடுகள் கூடும், விடை உறுதிப்படும். நாவிக் இருந்தால் நன்று. அதற்காகவே அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

3. விநாடிக்கொரு முறை குறிக்கும் நிலையில் மின்கலம் எத்தனை மணி தாங்கும்? அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஜி.பி.எஸ். ஓடாதபோது வரும் நாட்கணக்கு.

4. கடும் வெயிலில் திரை தெரிகிறதா? கடையின் விளக்கொளியில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

5. வியர்வையும் மழையும் புகாதவாறு அமைந்ததா? ஓடிக் கொண்டிருக்கும்போது அழுத்தப் பொத்தான் உள்ளதா? ஈரக் கைக்குத் தொடுதிரை சரியாகப் பணியாது.

இதயத் துடிப்பு, உறக்கம், படி ஏறிய கணக்கு முதலியவை உடன் வரும் சிறு வசதிகள். மணிக்கட்டில் பச்சை ஒளி பாய்ச்சித் துடிப்பை எண்ணும் முறை, கை வேகமாக ஆடும்போது தடுமாறக் கூடியது. அதற்கென்று கூடுதலாகச் செலவிடத் தேவையில்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

கடிகாரத்தைச் சோதிக்க அதைவிட நல்ல அளவுகோல் வேண்டும். அது உங்கள் வீட்டு மிதிவண்டிதான்! உலகெங்கும் மராத்தான் ஓட்டத்தின் 42.195 கி.மீ. பாதையை அளப்பது சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவி பூட்டிய மிதிவண்டியால்தான். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒரு மீட்டர் கூட்டியே அளப்பார்கள்.

முன் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் ஏறி அமர்ந்து உருட்டட்டும். பத்துச் சுற்றுகள் உருண்ட தூரத்தை நாடாவால் அளந்து பத்தால் வகுங்கள். சுற்றளவு 2.2 மீட்டர் என்று வந்தால், 454 சுற்றும் இன்னொரு அரைச் சுற்றும் ஒரு கிலோமீட்டர். காற்று இறங்கினால் சுற்றளவு குறையும். ஆகவே அன்றே அளந்து அன்றே பயன்படுத்துங்கள். வாகனங்கள் வராத பாதையில் ஒரு கிலோமீட்டரை அளந்து, இரு முனைகளிலும் கல் நடுங்கள்.

பிறகு கடிகாரத்தோடு வெட்டவெளியில் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று, கோள்களை அது கண்டுகொண்டபின் ஓடுங்கள். ஒரு கோள் தன் இடத்தைப் பற்றிய விவரத்தை முழுதாகச் சொல்லி முடிக்கவே 30 விநாடி ஆகும். அவசரப்பட்டால் தொடக்கமே தவறிவிடும். ஐந்து முறை ஓடி, கடிகாரம் காட்டிய தூரங்களை எழுதிச் சராசரி காணுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ காட்டினால், அதைக் கணக்கில் திருத்திக் கொண்டு நம்பலாம். ஒரு முறை 980, மறுமுறை 1030 என்று அலைந்தால் விலை எதுவாயினும் அக்கடிகாரம் பயிற்சிக்கு உதவாது.

கடிகாரம் வாங்க வசதி இல்லாதவர் மனம் தளர வேண்டாம். இரண்டு கற்களும், விநாடி காட்டும் ஒரு சாதாரணக் கடிகாரமும் இருந்தால் போதும். நீங்கள் மிதிவண்டியால் அளந்த அந்த ஒரு கிலோமீட்டர், வானத்திலிருந்து அளக்கும் எந்தக் கடிகாரத்தையும்விடச் சரியானது.