வாதுமையும் விழிப்பும்: விவிலிய எபிரேயம் கற்பதன் பயன்

விவிலியத்தின் எரேமியா நூலில் (1:11-12) சிறியதோர் உரையாடல் இடம்பெறுகிறது. என்ன காண்கிறாய் என இறைவன் வினவ, வாதுமை மரக்கிளையைக் காண்பதாக எரேமியா விடையளிக்கிறார். அவர் கண்டது சரியே என்றும், தம் சொல்லை நிறைவேற்றத் தாம் விழித்திருப்பதாகவும் இறைவன் மறுமொழி பகர்கிறார். வாதுமைக்கும் விழிப்புக்கும் என்ன தொடர்பு? மொழிபெயர்ப்பை மட்டும் பயில்வோர் இங்குத் தம் கற்பனையையே நாட வேண்டியுள்ளது.

எபிரேயத்தில் வாதுமை 'ஷாகேத்', விழித்திருப்பவன் 'ஷோகேத்'. பழைய எபிரேய எழுத்துமுறையில் பெரும்பாலும் மெய்களே எழுதப்பட்டமையால், இவ்விடத்தில் இரண்டிற்கும் வரிவடிவம் ஒன்றே. உயிர்க்குறிகளை மசோரெத்தியர் எனப்படும் யூத அறிஞர் கி.பி. முதலாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியிலேயே சேர்த்தனர். புள்ளியின்றியும் எகர ஏகார வேறுபாடின்றியும் எழுதப்பட்ட நம் ஓலைச்சுவடிகளோடு பழகியோருக்கு இந்நிலை வியப்பளிக்காது. மேலும், அந்நாட்டில் குளிர்காலம் முடியுமுன்பே பிற மரங்களை முந்திப் பூப்பது வாதுமை. ஒலியும் இயற்கையும் இங்கு ஒருசேரப் பொருள் தருகின்றன.

ஆமோஸ் நூலிலும் (8:1-2) இதனையொத்த அமைப்பு உண்டு. கோடைக்கனி 'காயிட்ஸ்', முடிவு 'கேட்ஸ்'. கனிக்கூடையைக் காட்டி மக்களின் முடிவு அறிவிக்கப்படுகிறது.

எனினும் அரைகுறை எபிரேயம் தரும் இடரையும் சுட்டவேண்டும். உணவைக் குறிக்கும் 'லெகெம்', போரைக் குறிக்கும் 'மில்காமா' ஆகிய இரண்டிலும் அதே மூன்று மெய்கள் உள்ளன. இதைக்கொண்டு, போர் என்பதே உணவுக்கான போராட்டம் என்று எவரேனும் விளக்கின் அது பிழையாகும். இத்தகைய வேர்ச்சொல் மயக்கத்தை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட விவிலியச் சொற்பொருளியல் நூலில் கடுமையாக மறுத்தார். (வேர்ச்சொல்லில் பற்று மிகுந்த தமிழாசிரியர்களாகிய நாம் இதனை இருமுறை படிக்கலாம்.) எரேமியாவில் சொற்களை இணைத்துக் காட்டுவது பனுவல், பின்னதில் இணைப்பவர் வாசகர்.

இவ்வேறுபாட்டை உணர அகராதி மட்டும் போதாது; வினையமைப்பையும் அறிதல் வேண்டும். 'ஷோகேத்' என்பது வினையடியாகப் பிறந்த பெயரெச்சத்தையும் வினையாலணையும் பெயரையும் ஒத்த வடிவம். முதன்மையாகத் தொடரும் நிலையைச் சுட்டுவது. ஆகவே இறைவன் இனிமேல் விழிப்பதாக வாக்களிக்கவில்லை; எரேமியா கிளையைக் காணும் அப்பொழுதே விழித்துக்கொண்டிருக்கிறார்.